கரண்டு வந்தால் கத்தும் போன்

காளவாசல்,
10 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அழகுராஜா எழுதுவது. நல்லபடியாக மதுரை ரூமுக்கு வந்து சேர்ந்தேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, வேளைக்குப் பொங்கிச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவும்.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். கூப்பிட்டால் எடுத்து "அலோ, அலோ" என்று ரெண்டு கத்து கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள். டவர் இல்லை என்கிறீர்கள். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே டவர் பனைமரம் மாதிரி நிற்கிறது. சரி, அதை விடுங்கள். நேற்று நான் நேரில் வந்து விளக்கிச் சொன்னபோது எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினீர்கள். கடைசியில் "விளங்குச்சாப்பா?" என்று கேட்டால் "இருந்து சாப்பிட்டுப் போ" என்றீர்கள். அதனால்தான், ஒரு மணி நேர பஸ் தூரத்துக்கு, இந்தக் காலத்தில் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டியிருக்கிறது.

மறுபடி சொல்கிறேன். தங்கச்சி திவ்யாவின் பிரசவத்துக்காக அம்மா திண்டுக்கல் போய்விட்டாள். ஆடி பிறக்காமல் திரும்ப மாட்டாள். இதுவரை தோட்டத்துக்கு, மோட்டார் ஓட்டுகிற த்ரீ பேஸ் கரண்டு நேரங்கெட்ட நேரத்தில் வந்தால் அம்மாதான் உங்களைக் கூப்பிட்டுச் சொல்வாள். அவள் காது அப்படி. பக்கத்துத் தெருவில் கரண்டி விழுந்தால் யார் வீட்டுக் கரண்டி என்று சொல்லிவிடுவாள். இனிமேல் அந்த வேலையை என் பழைய போன் செய்யும். மோட்டார் ரூமில், த்ரீ பேஸ் வரும்போது மட்டும் உயிர் வருகிற லைனில் ஒரு பிளக் போட்டு, சார்ஜரை மாட்டி, போனை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். கரண்டு வந்தால் சார்ஜ் ஏறும். சார்ஜ் ஏறத் தொடங்கியதும் போன் ஒரு சத்தம் போடும். சத்தம் வந்தால் போய் மோட்டாரைப் போடுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. போனைக் கழற்ற வேண்டாம், துடைக்க வேண்டாம், ஓரத்தில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டாம்.

தை மாதம் பேசியதை மறந்துவிடாதீர்கள். இந்த வெயில் முடிகிறவரை மல்லிக்கு ஒரு தண்ணிகூடத் தவறாமல் நீங்களே பாய்ச்சினால் குத்தகைப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். தவறினால் தோட்டம் பக்கத்துத் தோட்டத்து அசோக்குமார் கைக்குப் போகும், நீங்கள் என்னோடு காளவாசலுக்கு வருவீர்கள். என் கையில் அடித்துச் சரி என்றது நீங்கள்தான்.

பதில் எழுதினால் சிவபாண்டி அண்ணனிடம் கொடுங்கள். அவர் ஓட்டுகிற எங்கள் கம்பெனி வேன் தினமும் உசிலம்பட்டிக்கு ஆள் ஏற்ற வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் மகன்,
அழகுராஜா


உசிலம்பட்டி,
15 மார்ச் 2025

தம்பி அழகுராஜாவுக்கு அப்பா பேயாண்டி எழுதிக்கிறது. இங்க நானும் நாயும் சொகம். அங்க உன் சொகத்துக்கு எழுது. முட்டி அப்பப்ப பிடிக்குது, அப்பப்ப விடுது.

நீ மாட்டிட்டுப் போன போனு கத்தல.

செவ்வாக்கெழம த்ரீ பேஸ் வந்திருக்கு. எனக்கு எப்படித் தெரியும்ங்கிற? அசோக்குமார் தோட்டத்து வாய்க்கால்ல தண்ணி பளபளன்னு ஓடுது. எந்திரிச்சு ஓடிப்போய்ப் பாத்தா உன் போனு ஆணியில சும்மா தொங்குது. மூஞ்சியில மட்டும் பச்சையா பேட்டரிப் படம் வந்து நிக்குது. அப்புறம் நான் மோட்டாரப் போட்டு ஆறு பாத்திகூட நனையல, கரண்டு போயிருச்சு. நான் வேப்பமரத்தடியிலதான் இருந்தேன். மோட்டார் ரூமுக்கும் மரத்துக்கும் எம்புட்டுத் தூரம்? ஒரு எட்டு.

அதனால இது உன் போனோட தப்பு. என் கணக்குல இது வராது. தை மாசம் நம்ம பேசுனதுல போனு தப்பு பண்ணினா என்னங்கிறதப் பேசல.

டவரப் பத்தி எழுதியிருக்க. டவரு நிக்கிது, நான் இல்லங்கல. அதுக்குள்ள இருந்து வர்ற பேச்சுத்தான் கரகரன்னு வருது. லெட்டரு போடு. எழுத்துன்னா நின்னு நிதானமாப் படிக்கலாம்.

திவ்யா மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டு விசாரி.

இப்படிக்கு,
அப்பா


காளவாசல்,
19 மார்ச் 2025

அப்பாவுக்கு வணக்கம். எனக்குக் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. எரிச்சல் மட்டும்தான். திவ்யா நன்றாக இருக்கிறாள், தேதி அடுத்த மாதம்தானாம்.

போன் கத்தாமல் இருக்காது. பச்சைப் படம் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படம் வந்தால் சார்ஜ் ஏறியிருக்கிறது, சார்ஜ் ஏறினால் சத்தம் போட்டிருக்கிறது. நான் மாட்டிவிட்டு மூன்று தடவை சோதித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் "டிங்" என்றது. நீங்களும் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தீர்கள்.

ஓரத்துப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தைக் குறைத்திருக்கிறீர்கள். வேறு எதுவும் நடந்திருக்க வழியில்லை. இப்போது நான் சொல்வதை ஒன்றுவிடாமல் செய்யுங்கள். போன் முகத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும். அதைத் தொடுங்கள். உள்ளே ஸ்பீக்கர் படம் போட்ட வரி இருக்கும். அதைத் தொட்டால் நாலு கோடுகள் வரும். நாலையும் வலது பக்கம் கடைசிவரை இழுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் கீழே போனால் "சார்ஜிங் சவுண்ட்" என்று இருக்கும். அதற்கு எதிரே இருக்கும் சின்ன வட்டம் நீலமாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் இருந்தால் ஒரு தட்டு தட்டி நீலமாக்குங்கள். அரை நிலவு மாதிரி ஒரு படம் மேலே தெரிந்தால் அதையும் தொட்டு அணைத்துவிடுங்கள். அது இருந்தால் போன் வாயைத் திறக்காது.

கம்பெனியில் எந்த மிஷின் நின்றாலும் "சார், நான் ஒண்ணும் தொடலை" என்றுதான் சொல்வார்கள். பராமரிப்பில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நீங்களும் அதையே எழுதாதீர்கள்.

ஒரு தண்ணி தவறியதை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

மதிய வெயிலில் அலையாமல் இருங்கள்.

அழகுராஜா


உசிலம்பட்டி,
26 மார்ச் 2025

தம்பிக்கு அப்பா ஆசீர்வாதம். நாய்க்குக் கால்ல முள்ளு. எனக்கு ஒண்ணும் இல்ல.

நான் ஒண்ணும் தொடல.

நீ எழுதினபடியே செஞ்சேன். பல்சக்கரம் இருந்துச்சு. ஸ்பீக்கரு இருந்துச்சு. நாலு கோடும் ஏற்கெனவே கடைசிலதான் இருந்துச்சு, அதுக்கு மேல இழுக்க எடம் இல்ல. வட்டம் நீலந்தான். நெலவு இல்ல. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி டிக் அடிச்சுப் பாத்தேன். மின்சார ஆபீசுக்கு ஊருக்காக மனு எழுதிக் குடுத்து மாத்து டிரான்ஸ்பார்மர் வாங்கிக் குடுத்த ஆளு நானு. எனக்கு ஒரு போனப் பாக்கத் தெரியாதா?

சனிக்கெழம மறுபடி தப்பிருச்சு. மொட்டு பருவத்துல வெயில் இழுத்திருச்சு, ரெண்டு பாத்தியில மொட்டு காம்போட சொங்கிப் போச்சு. பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போன பையோட அளவப் பாத்துட்டு யாவாரி சிரிக்கிறான். அசோக்குமார் வரப்புல வந்து நின்னு தோட்டத்த ஒரு சுத்து பாத்தான். "என்ன மாமா, ஆளு வேணுமா?"ன்னு கேட்டான். வாயிலயே போடலாம்னு இருந்துச்சு.

இந்த டிங்கு ஒரு சத்தமா? கொலுசு மணி உதுந்த மாதிரி ஒரு சத்தத்த வச்சிட்டு விவசாயம் பாரு பாருங்கிற. வேற சத்தம் வை. ஆம்பளச் சத்தமா வை.

அப்பா


காளவாசல்,
4 ஏப்ரல் 2025

அப்பா,

சிவபாண்டி அண்ணன் கையில் நீங்கள் கொடுத்துவிட்ட போன் வந்து, வேலை முடித்து, இதோ இந்தக் கடிதத்தோடு திரும்பி வருகிறது. நாய்க்கு முள் எடுத்தாயிற்றா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போனோடு வரும் சார்ஜிங் சத்தத்தை மாற்ற வழியே இல்லை. அதைப் போடலாம், அணைக்கலாம், அவ்வளவுதான். இத்தனை பேர் உட்கார்ந்து ஒரு போனைச் செய்கிறவர்கள், அதில் ஒரு சத்தத்தை மாற்ற இடம் வைக்கவில்லை. அதற்கென்று தனியாக ஒரு ஆப் தேடிப் போட்டேன். போட்டால், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது. அதை எழுப்பி, இதை மட்டும் தூங்க வைக்காதே என்று போனுக்கு அனுமதி கொடுத்து, அது போதாது என்று இன்னொரு பக்கத்தில் இன்னொரு அனுமதியும் கொடுத்தேன். என் ஒருநாள் லீவு இதிலேயே போனது.

இப்போது அதில் ஐந்து சத்தம் வைத்திருக்கிறேன். முதல் சத்தம் கோயில் மணி. இரண்டாவது, கம்ப்யூட்டர் பெண் குரல் "கரண்டு வந்துவிட்டது" என்று சொல்லும். மூன்றாவது திவ்யா பேசியது. திண்டுக்கல்லிலிருந்து பதிவு பண்ணி அனுப்பினாள். "அப்பா, கரண்டு வந்துருச்சு, மோட்டாரப் போடுங்க" என்று அடித் தொண்டையிலிருந்து கத்தியிருக்கிறாள். நிறைமாதக்காரி இப்படிக் கத்தலாமா என்று மாப்பிள்ளை என்னைத் திட்டினார். நாலாவது லாரி ஹாரன். ஐந்தாவது காளை மாடு கத்துவது, நீங்கள் கேட்ட ஆம்பளைச் சத்தம். ஆப்பைத் திறந்தால் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் சில நாள் வைத்துப் பாருங்கள். எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று எழுதுங்கள்.

இதற்கு மேலும் கேட்கவில்லை என்றால் எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிகிறது. நீங்கள் மரத்தடியில் தூங்குகிறீர்கள். அல்லது டீக்கடையில் இருக்கிறீர்கள்.

மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அழகுராஜா


உசிலம்பட்டி,
3 மே 2025

தம்பி அழகுராஜாவுக்கு,

பேரன் பொறந்த சேதிய சிவபாண்டி வந்து சொன்னான். எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தேன். நீ போன்ல சொல்லியிருக்க, நான்தான் யாருக்கோ ராங் நம்பர்னு நெனச்சு வச்சிட்டேன் போல. தாயும் புள்ளையும் சொகம்னு கேட்டு நிம்மதி.

பதில் எழுதத் தாமசம். நீ சொன்னபடி ஒவ்வொண்ணா வச்சுப் பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

கோயில் மணி: அடிக்கவே இல்ல. அந்தக் கம்ப்யூட்டர் பொம்பள: வாய்க்குள்ளயே ஏதோ முனங்குது. யாரு மேல என்ன கோவமோ. திவ்யா: பேசினது தெரிஞ்சது, என்ன பேசுச்சுன்னு தெரியல. மூக்கடைச்ச மாதிரி இருக்கு. பச்ச உடம்பு, சளி பிடிக்காமப் பாத்துக்கச் சொல்லு. லாரி ஹாரன்: போனுக்குப் பக்கத்துல நின்னா வருது, மரத்தடிக்கு வரல. மாடு: இது பரவால்ல. நல்லா இருக்கு. ஒரு தடவ மரத்தடியிலயே கேட்டுச்சு, ஓடிப்போய் மோட்டாரப் போட்டேன். ரெண்டாவது தடவ கேட்டுச்சுன்னு ஓடினேன், அது அசோக்குமாரு வீட்டு மாடு.

நான் தூங்கல. நீ எழுதினதப் படிச்சிட்டு ரெண்டு நாளு சோறு எறங்கல. நாப்பது வருசமா வெயில்ல நிக்கிற மனுசன டீக்கடையில கெடக்கான்னு எழுதுறதுக்கு உன் கம்பெனியில சொல்லிக் குடுத்தாங்களா? கரண்டு எப்ப வரும் எப்ப வரும்னு மரத்தடிய விட்டு நகராமக் கெடக்கேன். வயித்துக் கடுப்புக்குக்கூட எந்திரிச்சுப் போகப் பயமா இருக்கு, அந்நேரம் பாத்து வந்துட்டா என்ன பண்றதுன்னு.

போனுல ஸ்பீக்கரு போயிருச்சு. அதப் பாரு மொதல்ல.

அப்பா


காளவாசல்,
8 மே 2025

அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். மாமனானதால் ஆபீசில் நானும் மிட்டாய் கொடுத்தேன். தூங்குகிறீர்கள் என்று எழுதியது தப்புத்தான். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது எதுவும் பொருந்தவில்லை. போனுக்குள் இருப்பது சுண்டைக்காய் அளவு ஸ்பீக்கர். அதில் கீச்சுச் சத்தம்தான் கிழித்துக்கொண்டு வரும், கனத்த சத்தம் அமுங்கிப் போகும். மணிச்சத்தம் எட்டூருக்குக் கேட்க வேண்டும், மாட்டுச் சத்தம் கேட்கவே கூடாது. நீங்கள் தலைகீழாக எழுதுகிறீர்கள். மணி கேட்கவில்லை, பெண் குரல் கேட்கவில்லை, மாடு கேட்கிறது. எந்த ஸ்பீக்கரும் இப்படிக் கெட்டுப்போகாது. நான் படித்த படிப்பில் இப்படி ஒரு கோளாறு கிடையாது. போனைக் கொடுத்துவிடுங்கள். இந்தத் தடவை கம்பெனியில் சத்தம் அளக்கிற மீட்டர் வைத்தே பார்த்துவிடுகிறேன்.

இன்னொன்று. சிவபாண்டி அண்ணன் மேல் உங்களுக்கு என்ன கோபம்? "சித்தப்பா ரோட்டோரமாப் போனாரு, பின்னாடியே ஹாரன் அடிச்சேன், பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல, வேனை ஒடிச்சுத் திருப்பினேன். நான் என்ன தம்பி தப்பு பண்ணேன்?" என்று என்னிடம் வந்து வருத்தப்படுகிறார். நமக்குக் கடிதம் சுமக்கிற மனிதர். கூப்பிட்டால் ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்?

அசோக்குமாரிடம் பேசிவிட்டேன். வைகாசி கடைசியில் வந்து தோட்டத்தை முறையாகப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை தண்ணி தவறியது என்று இனி நான் கேட்கப் போவதில்லை. வாடின செடி எனக்கும் தெரியும். வம்பு பிடிக்காமல் முடிவுக்கு வாருங்கள்.

அழகுராஜா


உசிலம்பட்டி,
12 மே 2025

தம்பிக்கு,

சொகம். சொகத்துக்கு எழுதவும்.

போன சிவபாண்டிகிட்டக் குடுத்திருக்கேன். அவன்கூட எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவனுக்கு ஒரு கூடை மாங்காயும் குடுத்திருக்கேன். காத்து எதுக்க அடிச்சா பின்னாடி வர்ற சத்தம் சில நேரம் தெரியாது. அம்புட்டுத்தான்.

அசோக்குமார வரச் சொல்லாத. இந்த ஒரு தடவ நான் சொல்றதக் கேளு. செடி பொழச்சிரும், வேரு நல்லா இருக்கு. எனக்குக் காளவாசல்ல என்ன வேல? ரூமுல உக்காந்து செவுத்தப் பாக்கவா?

நல்ல சத்தமா ஒண்ண வச்சு அனுப்பு. கனமா இருக்கட்டும்.

அப்பா


காளவாசல்,
16 மே 2025
(இதை அனுப்பவில்லை)

அப்பா,

போனில் கோளாறு இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து சத்தமும் சரியாக இருக்கிறது. கோயில் மணியை ஒரு தடவை அடிக்கவிட்டேன், எங்கள் பராமரிப்பு ரூமில் கடைசி மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மரத்தடிக்கு வராமல் போக வழியே இல்லை.

போன் சரி. சார்ஜர் சரி. கரண்டு வந்திருக்கிறது. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

கீச்சுச் சத்தம் போய்விட்டது, கனத்த சத்தம் கொஞ்சம் இருக்கிறது. போனில் பேசினால் கரகர என்கிறது. பெண்கள் பேசினால் முனங்குகிற மாதிரி இருக்கிறது. ஹாரன் கேட்கவில்லை. இதையெல்லாம் நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், நான் இரண்டு மாதமாக ஒரு ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உனக்கு இப்பத்தான் தெரியுதாடா?" என்றாள். ரெண்டு வருசமாகவாம். சொன்னால் நான் தோட்டத்தைப் பிடுங்கிவிடுவேன் என்று அவள் வாயையும் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

அப்பா, உங்களுக்குக் காது கேட்கவில்லை. இதை ஒரு வரி எழுதியிருந்தால்

(இதற்கு மேல் எழுதவில்லை. இதை அனுப்பினால் படித்த நிமிடமே ரோஷத்தில் மோட்டார் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு போய் அசோக்குமார் கையில் கொடுத்துவிடுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.)


காளவாசல்,
17 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? மாங்காய் கிடைத்ததில் சிவபாண்டி அண்ணனுக்குப் பெரிய சந்தோஷம். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

போனைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், ஸ்பீக்கர் போய்விட்டது. அந்த மாடலே அப்படித்தானாம். இதை நம்பி உங்களோடு இரண்டு மாதம் சண்டை போட்டது என் புத்திக்கு வேண்டும்.

சத்தமே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கிற சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் நிற்போம். அங்கே மணி அடித்தாலும் கேட்காது, வெடி வெடித்தாலும் கேட்காது. மிஷின் நின்றால் மேலே ஒரு சிவப்பு விளக்கு சுழலும். அதைப் பார்த்துத்தான் இருபத்தைந்து வயதுக்காரனும் ஓடுகிறான், மேனேஜரும் ஓடுகிறார். இத்தனை நாள் தினமும் அதற்குக் கீழேதான் நிற்கிறேன். எனக்குத்தான் தோன்றவில்லை. அதே மாதிரி ஒன்று வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே வந்து, அதே லைனில், மோட்டார் ரூம் கூரைக்குக் கீழே நிழலில் மாட்டித் தருகிறேன். கரண்டு வந்தால் சுழலும், போனால் நிற்கும்.

போனையும் பழையபடி ஆணியில் தொங்கவிடுகிறேன். மாடு கத்திக்கொண்டே இருக்கட்டும். காக்காயாவது பயப்படும்.

அசோக்குமாரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன் கெட்டுப்போனதால் தவறிய தண்ணி எதுவும் கணக்கில் வராது. நீங்கள் அன்றைக்கே எழுதியதுதான். தை மாதம் போன் தப்பு பண்ணினால் என்ன என்று நாம் பேசவில்லை.

ரோட்டில் போகும்போது மட்டும் காத்து அடிக்கிற பக்கம் பார்த்து, ஓரமாகப் போங்கள்.

அழகுராஜா


உசிலம்பட்டி,
12 ஜூலை 2025

அன்பு மகன் அழகுராஜாவுக்கு அப்பா எழுதிக்கிறது. நானும் நாயும் சொகம். ஆடி பொறக்கப் போகுது, உங்க அம்மா வர்ற வாரம் வந்துருவா.

வெளக்கு நல்லா வேல செய்யுது. செடிக்குள்ள குனிஞ்சு நின்னாலும் எலையில செவப்பு வந்து அடிக்குது. நீ மாட்டின நாள்ல இருந்து ஒரு தண்ணி தப்பல. ரெண்டு மழையும் சேந்துக்கிச்சு. மொட்டு பிடிச்சு நிக்கிது, வந்து பாரு. ரோட்டுல போறவனெல்லாம் என்ன மாமா, தோட்டத்துக்குள்ள ஆம்புலன்ஸ் நிக்கிதான்னு கேக்கான். அசோக்குமாரும் கேட்டான். எந்தக் கடையில வாங்கினதுன்னு கேட்டு எழுதச் சொன்னான்.

நீ வந்தன்னைக்கு ஒண்ணு கவனிச்சேன். எப்பவும் உன் போனப் பாத்துக்கிட்டே என்கிட்டப் பேசுவ. அன்னைக்கு எனக்கு எதுக்க வந்து நின்னு, மூஞ்சியப் பாத்து, நிறுத்தி நிறுத்திப் பேசின. நீ பேசின ஒரு வார்த்தையும் நான் விடல. உனக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே?

அப்புறம் ஒரு விசயம். யார்கிட்டயும் சொல்ல வேணாம். உங்க அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் தட்டுன மாதிரி எனக்குத் தெரியுது. வெளிய சொல்லக் கூச்சப்படுவா, நீயும் அவகிட்டக் கேக்காத. மதுரையில நல்ல காது டாக்டரா ஒருத்தரப் பாத்து வை. அவ வந்ததும் நான் கூட்டிட்டு வாரேன். பஸ்ஸு ஏறி அம்புட்டுத் தூரம் வந்ததுக்கு எனக்கும் ஒரு எட்டுப் பாத்தாலும் பாக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா


காளவாசல்,
16 ஜூலை 2025

அப்பா,

நலம். விளக்கு வாங்கிய கடை டவுன்ஹால் ரோட்டில். அசோக்குமாரையே போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், நான் சுமக்க மாட்டேன்.

அம்மாவின் காதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்து எனக்கும் கவலையாகத்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை காலையில் இங்கே ஒரு காது டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டேன். அதில் ஒரு குளறுபடி. பதிவு பண்ணின பையன் அவசரத்தில் பெயரைப் பேயாண்டி என்று அடித்துவிட்டான். மாற்றச் சொன்னேன். அவர்கள் கம்ப்யூட்டரில் மாற்றவே முடியாதாம். இந்தக் காலத்தில் ஒரு சாதனமாவது ஒழுங்காக வேலை செய்கிறதா பாருங்கள்.

அதனால் நீங்கள்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அம்மா துணைக்கு உட்காரட்டும்.

காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டாமல் அங்கேயே நில்லுங்கள். நான் எதிரே வந்து நிற்கிறேன்.

அழகுராஜா